கருவி காட்டியது நான்கு மணி நேரம், நான் சொன்னது பத்து: நிபுணர்களோடு எப்படிச் சேர்ந்து செயல்படுவது?

கேள்வி – மழலைத்தாய்

வணக்கம். என் மகளுக்கு இருபது மாதம் ஆகிறது. இரண்டு காதிலும் உள்செவி சார்ந்த கேட்புக் குறைபாடு இருப்பது ஐந்தாவது மாதத்தில் பெரா பரிசோதனையில் (ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் எப்படி எதிர்வினை தருகின்றன என்று அளப்பது) உறுதியானது. கருவி இல்லாவிட்டால் 60, 65 டெசிபலுக்குக் கீழுள்ள ஒலி எதுவும் அவளை எட்டுவதில்லை. ஏழாவது மாதத்திலிருந்து இரண்டு காதுக்கும் கருவி அணிவிக்கிறோம். அன்று முதல் காது மூக்கு தொண்டை மருத்துவர், கேட்புத்திறனைச் சோதித்துக் கருவியைப் பொருத்தும் ஆடியாலஜிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், வாரம் ஒரு முறை வீட்டுக்கு வரும் ஆரம்பநிலைக் கல்வி ஆசிரியை என நால்வர் எங்கள் வாழ்க்கைக்குள் வந்திருக்கிறார்கள். நால்வருமே அக்கறையுள்ளவர்கள். நான் எழுத வந்தது அவர்களைப் பற்றிய புகார் அன்று; என்னைப் பற்றிய புகார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

சென்ற வாரம் ஆடியாலஜிஸ்ட் வழக்கம்போல், "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போட்டுக்கொள்கிறாள்?" என்று கேட்டார். நானும் வழக்கம்போல், "விழித்திருக்கும் நேரம் முழுவதும், பத்து மணி நேரமாவது இருக்கும்" என்றேன். அவர் கருவியைக் கணினியோடு இணைத்தார். எத்தனை மணி நேரம் இயக்கத்தில் இருந்தது என்பதைக் கருவி தானே பதிவு செய்து வைக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு நாளைக்குச் சராசரி 3.8 மணி நேரம் என்று திரையில் வந்தது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. திரையை ஒரு கணம் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கூட்ட முயற்சி செய்யுங்கள்" என்றார். வீடு வந்து சேரும்வரை என்னால் தலை நிமிர முடியவில்லை.

ஏன் பொய் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு சந்திப்புக்கும் நான் தேர்வு எழுதப் போகும் மாணவியைப் போலத்தான் போகிறேன். கேள்வி அவர்களுடையது, விடை என்னுடையது, மதிப்பெண் என் மகளுடையது. உண்மையில் அவள் கருவியைப் பிடுங்கி எறிகிறாள்; நான் மறுபடி போடுகிறேன்; மூன்றாவது முறை போட எனக்குத் தெம்பு இருப்பதில்லை. பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் என் மாமியார், "கதவைச் சாத்தினால் திரும்புகிறாளே, இந்தக் கருவி எதற்கு?" என்று கேட்கிறார். அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இதற்கு மேல், பேச்சுப் பயிற்சியாளர் சைகை வேண்டவே வேண்டாம், அவள் காதைத்தான் நம்பப் பழக வேண்டும் என்கிறார். வீட்டுக்கு வரும் ஆசிரியை முதல் நாளிலிருந்தே சைகையோடு பேசச் சொல்கிறார். இருவருக்கும் தலையாட்டிவிட்டு இரண்டையும் அரைகுறையாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

இவர்கள் சொல்வதைக் கேட்டு நடப்பவளாக இல்லாமல், இவர்களோடு சேர்ந்து நடப்பவளாக நான் மாறுவது எப்படி? சொன்ன பொய்யை எப்படிச் சரிசெய்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


பதில் 1 – இருவரின் தந்தை

சகோதரி, முதலில் அந்த 3.8 மணி நேரத்தைப் பற்றி. என் மூத்த மகனுக்கு இப்போது பதினொரு வயது. அவனுடைய இரண்டாவது வயதில் எங்கள் கணக்கு இதைவிடக் குறைவாக இருந்தது. ஒன்றரை, இரண்டு வயதில் கருவியைப் பிடுங்காத குழந்தையை நான் பார்த்ததில்லை. ஆகையால் வெட்கப்படுவதை இப்போதைக்குத் தள்ளிவைத்துவிட்டு, அவள் எப்போது பிடுங்குகிறாள் என்பதை மட்டும் கவனியுங்கள். அந்தத் தகவல் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. எத்தனை மணி நேரம் என்பதைக் கருவி சொல்லிவிடும். எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் மடியில், எந்தச் சத்தத்துக்குப் பிறகு என்பதை அது சொல்லாது.

நான் இதைத் தெரிந்துகொண்ட விதம் அவ்வளவு பெருமைக்குரியது அன்று. மகனுக்கு மூன்று வயது ஆனபோது, கூப்பிட்டால் திரும்புவது மெல்ல மெல்லக் குறைந்தது. அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். வேண்டுமென்றே கேட்காதவன்போல் நடிக்கிறான் என்று இரண்டு முறை அதட்டியும் இருக்கிறேன். அடுத்த பரிசோதனை நான்கு மாதம் கழித்து வந்தது. அதில்தான் அவனுடைய கேட்புத்திறன் மேலும் குறைந்துவிட்டது தெரிந்தது. சில குழந்தைகளுக்குக் குறைபாடு பிறந்தபோது இருந்த அளவிலேயே நிற்பதில்லை. கருவில் இருக்கும்போதே சைட்டோமெகலோ வைரஸ் தொற்றியிருந்தால், அல்லது உள்செவியின் ஒரு நாளம் இயல்பைவிட அகன்றிருந்தால், இப்படிப் படிப்படியாக இறங்கக்கூடும். ஆடியாலஜிஸ்ட், "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டார். அது சொல்லத் தகுந்த செய்தி என்றே எனக்குத் தெரியாது என்றேன். அவரும் என்னிடம் அதுவரை அப்படிச் சொல்லியிருக்கவில்லை. பிழையில் பாதி எனக்கு, பாதி அவருக்கு என்று அன்றைக்கு இருவருமே ஒப்புக்கொண்டோம். எங்களுக்குள் உண்மையான பேச்சு தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

மறுநாளிலிருந்து ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டோம். அலங்காரமான அட்டவணை எதுவும் போடவில்லை. தேதி, கருவியை மாட்டிய நேரம், கழற்றிய நேரம், கழற்றியபோது என்ன நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் ஒரு கோலம் தெரிந்துவிட்டது: வலது காதுக் கருவியை மட்டும் மதியத்துக்கு மேல் பிடுங்கினான். அந்தக் காதின் அச்சு, அதாவது காதின் அளவுக்கு வார்த்துக் காதுக்குள் பொருத்தும் பகுதி, சிறியதாகிப்போய், ஒலி கசிந்து, கருவி கீச்சிட்டுக்கொண்டிருந்தது. இந்த வயதில் காது வேகமாக வளர்வதால் சில மாதங்களுக்கு ஒரு முறை அச்சை மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் மகளின் அச்சு எடுத்து எத்தனை மாதம் ஆகிறது என்று பாருங்கள். பலத்த சத்தம் வந்தவுடன் பிடுங்குகிறாள் என்றால், கருவி வெளியிடும் உச்ச ஒலி அவளுக்குக் கூடுதலாக இருக்கக்கூடும். அதை ஆடியாலஜிஸ்ட் குறைக்க முடியும். ஆனால் நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். சளி பிடித்த நாட்களில் மட்டும் மறுக்கிறாள் என்றால் நடுச்செவியில் நீர் கோத்திருக்கலாம். நாம் "பிடிவாதம்" என்கிற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிடுவது எத்தனை விதமான செய்தி, பாருங்கள்.

இன்னொன்று, காலையில் கருவி மாட்டியவுடன் செய்யும் ஆறு ஒலிச் சோதனை. டேனியல் லிங் என்ற கல்வியாளர் வகுத்தது. ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் ஆகிய ஆறு ஒலிகளையும் குழந்தைக்கு உங்கள் வாய் தெரியாதபடி, இயல்பான குரலில், இடைவெளியை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். இருபது மாதக் குழந்தை விளையாட்டை ஒரு கணம் நிறுத்தினாலே, கண்ணை உயர்த்தினாலே, கேட்டதாகக் கொள்ளலாம். ம், ஊ இரண்டும் தாழ்ந்த சுருதி. ஷ், ஸ் இரண்டும் உயர்ந்த சுருதி. பேச்சில் உள்ள ஒலிகள் ஏறக்குறைய இந்த ஆறுக்கும் இடையில் அடங்கிவிடும். நேற்றுவரை ஸ் ஒலிக்குத் திரும்பியவள் இன்று திரும்பவில்லை என்றால் பேட்டரியோ, குழாயில் தேங்கிய ஈரமோ, காதோ ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. இரண்டு நிமிட வேலைதான். எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் அந்த நான்கு மாதம் நான்கு நாளாக முடிந்திருக்கும்.

மாமியாருக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கதவைச் சாத்தும் சத்தம் பலமானது, பெரும்பாலும் தாழ்ந்த சுருதி. தரையின் அதிர்வு வேறு சேர்ந்துகொள்ளும். அதற்குத் திரும்புவதும் "பந்து எங்கே?" என்பதைக் கேட்டுப் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல. இயல்பான பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் 60 டெசிபல் அளவில்தான் இருக்கும். தூரம் இரு மடங்கானால் இன்னும் 6 டெசிபல் குறையும். அந்த ஆறு ஒலிகளையும் கருவி இல்லாமல் ஒரு முறை, கருவியோடு ஒரு முறை அவரையே சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் என் தாயாரிடம் இதைச் செய்தோம். அதன்பிறகு கருவி மாட்டும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.


பதில் 2 – பேச்சுப் பயிற்சியாளர்

நான் மேசையின் மறுபக்கத்தில் உட்காருபவள்; பதினாறு ஆண்டுகளாகக் கேட்புக் குறைபாடுள்ள குழந்தைகளோடு பணியாற்றுகிறேன். அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்ட விதத்தில் பிழை எங்கள் பக்கமும் உண்டு. "எத்தனை மணி நேரம்?" என்று கேட்டால் எந்தத் தாயும் நல்ல எண்ணைத்தான் சொல்வார். "எந்த நேரத்தில் போடுவது மிகவும் கடினமாக இருக்கிறது?" என்று கேட்டிருந்தால் நீங்கள் பொய் சொல்லவேண்டிய தேவையே வந்திருக்காது.

அடுத்த சந்திப்பில் தொடக்கத்திலேயே, "நான் சென்ற முறை சொன்ன நேரம் சரியில்லை, உண்மையில் எனக்கு உதவி தேவைப்படுவது இந்த இந்த நேரத்தில்" என்று சொல்லிவிடுங்கள். அனுபவமுள்ள எந்த ஆடியாலஜிஸ்டும் அதைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்ள மாட்டார், நிம்மதிதான் அடைவார். ஏனென்றால் குழந்தை முன்னேறாதபோது நாங்கள் இரண்டு காரணங்களில் ஒன்றைத் தேட வேண்டியிருக்கிறது: கருவி போதவில்லையா, அல்லது கருவி காதில் இருக்கும் நேரம் போதவில்லையா? பத்து மணி நேரம் என்று நம்பிவிட்டால் முதல் காரணத்தின் பின்னால் ஓடுவோம். கருவியின் ஒலியைக் கூட்டுவோம், காக்ளியர் இம்ப்ளாண்ட் (அறுவை சிகிச்சை மூலம் உள்செவியில் பொருத்தும் கருவி) பற்றிப் பேசத் தொடங்குவோம். தவறான எண் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும் வழி இதுதான்.

உங்கள் மகள் விழித்திருக்கும் நேரத்தை வாரத்துக்கு 84 மணி நேரம் என்று வையுங்கள். அதில் என் போன்ற ஒருவர் பார்ப்பது அமைதியான ஓர் அறையில், நல்ல மனநிலையில், அழகாகக் கலைத்து வைத்த பொம்மைகளுக்கு நடுவில், முக்கால் மணி நேரம். மீதமுள்ள 83 மணி நேரத்துக்கு மேல் நடப்பதை உங்கள் வாயிலாகத்தான் நாங்கள் அறிய முடியும். பெற்றோரின் பங்கை நாங்கள் உபசாரமாகச் சொல்வதில்லை. அமெரிக்க ஆய்வாளர் மேரி பேட் மொல்லர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 112 குழந்தைகளின் ஐந்து வயது மொழித்திறனைப் பார்த்தார். பதினொரு மாதத்துக்குள் பயிற்சியைத் தொடங்கிய குழந்தைகள் முன்னே இருந்தார்கள். குடும்பம் எந்த அளவுக்கு ஈடுபட்டது என்பது மிக வலுவாக வெளிப்பட்ட காரணிகளில் ஒன்றாக இருந்தது. 2012-இல் ஆஸ்திரியாவின் பாட் இஷ்ல் நகரில் கூடிய நிபுணர்களும் பெற்றோரும் காதுகேளாத குழந்தைகளுக்கான குடும்பம் சார்ந்த ஆரம்பகாலப் பணிக்குப் பத்துக் கொள்கைகளை வகுத்தார்கள். அவற்றுள் ஒன்று குடும்பத்துக்கும் நிபுணருக்கும் இடையே இருக்கவேண்டிய சமநிலையான கூட்டுறவு பற்றியதே.

ஆனால் கொள்கை ஏட்டில் இருக்கிறது. அறைக்குள் நடப்பது வேறாக இருக்கிறது. பயிற்சியாளர் தரையில் உட்கார்ந்து குழந்தையோடு விளையாடுவார், தாய் ஓரத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பார். அந்த நாற்காலியை விட்டு எழுந்து வாருங்கள். "நான் செய்கிறேன், நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். முதல் முறை சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் குரலுக்கு அவள் எப்படித் திரும்புகிறாள், நீங்கள் கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நொடி காத்திருக்கிறீர்கள், அவள் எழுப்பும் ஒலிக்கு நீங்கள் பதில் தருகிறீர்களா என்பனவற்றை அப்போதுதான் பயிற்சியாளர் பார்க்க முடியும். உங்கள் வீட்டு வேலைகளுக்குள் பொருந்தாத பயிற்சியைக் கொடுத்தால், "இது எங்கள் வீட்டில் நடக்காது, குளிப்பாட்டும்போது செய்யும்படி மாற்றித் தர முடியுமா?" என்று கேட்கலாம். ஒரு சிறிய திருத்தம்: குளிப்பாட்டும்போது கருவி காதில் இருக்காது, ஆகவே உடை மாற்றும்போது என்று வைத்துக்கொள்ளுங்கள். (பாருங்கள், நாங்களும் இப்படித்தான் நடைமுறையை மறந்து அறிவுரை சொல்லிவிடுகிறோம்.)

தமிழ் பேசும் பெற்றோர் எங்களுக்குத் தரக்கூடிய ஒரு தகவல் உண்டு. நம் மொழியில் யார் செய்தார், எப்போது செய்தார் என்பதெல்லாம் சொல்லின் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்கிறது. வந்தான், வந்தாள், வந்தேன் என்பவற்றின் வேறுபாடு கடைசி அசையில் இருக்கிறது. பேச்சில் அந்த இடத்தில்தான் குரல் இறங்குகிறது. வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீட்டில் என்பவற்றில் வரும் வேற்றுமை உருபுகளுக்கும் இதே நிலைதான். குழந்தை சொல்லின் முன்பாதியைப் பிடித்துக்கொண்டு பின்பாதியைத் தவறவிடுவது பரிசோதனை அறையில் எங்களுக்குத் தெரியாமல் போகலாம். வீட்டில் நாள் முழுவதும் கேட்கும் உங்களுக்குத் தெரியும். அவள் சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்கும்போது, அவள் சொன்னதை நீங்கள் திருத்தாமல் அப்படியே எழுதிக் கொண்டு வாருங்கள். எனக்குத் தாய்மார்கள் கொண்டுவந்த பரிசுகளில் இதைவிடப் பெரியது இல்லை.

ஆடியாலஜிஸ்டிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு: "கருவி போட்ட நிலையில் அவள் காதுக்குள் பேச்சொலிகளில் எவை எட்டுகின்றன, எவை எட்டவில்லை என்று அளந்து பார்த்தீர்களா?" காதுக்குள் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து அளக்கும் முறை இருக்கிறது, அல்லது அச்சோடு சேர்ந்த அவள் காதின் அளவை எடுத்துக்கொண்டு கருவியைப் பெட்டியில் வைத்து அளக்கலாம். குழந்தையின் காதுத் துளை சிறியது. அதே கருவி பெரியவர் காதில் தருவதைவிட அதிக ஒலியை அங்கே தரும். அளக்காமல் ஊகத்தில் வைத்தால் கூடியும் போகலாம், குறைந்தும் போகலாம்.

சைகை பற்றிய முரண்பாட்டை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டாம். அந்த இருவரையும் ஒரே நேரத்தில், நேரிலோ தொலைபேசியிலோ, பேச வையுங்கள். நிபுணர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல் தாயைத் தூதுவராக்குவது எங்கள் தொழிலின் பழைய நோய். என் சொந்தக் கருத்து, இந்த அளவு குறைபாட்டுக்கு, கருவி நாள் முழுவதும் காதில் இருந்தால், கேட்பு வழியையே முதன்மையாக வைக்கலாம் என்பது.


பதில் 3 – கைமொழி

நான் பிறவியிலேயே காதுகேளாதவன். என் பெற்றோர் கேட்பவர்கள். காதுகேளாத குழந்தைகளில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். ஆகையால் உங்கள் வீட்டுக் கதையும் எங்கள் வீட்டுக் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பேச்சுப் பயிற்சியாளர் எழுதியதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். கடைசி வாக்கியத்தை அப்படியே ஏற்க முடியவில்லை. "கருவி நாள் முழுவதும் காதில் இருந்தால்" என்று அவர் நிபந்தனை வைக்கிறார். இப்போது அது 3.8 மணி நேரம்தான் இருக்கிறது. மீதி எட்டு மணி நேரம் அந்தக் குழந்தையிடம் எந்த மொழி இருக்கிறது? கருவி உலர வைக்கப்பட்டிருக்கும்போது, காதில் தொற்று வந்து பத்து நாள் மாட்ட முடியாதபோது, குளியலில், இரவில் விளக்கணைக்கும் முன் அவள் அம்மாவிடம் எதைக் கொண்டு பேசுவாள்? கேட்பு வழி என்பது ஒரு திட்டம். மொழி என்பது அவளுடைய தேவை. திட்டம் பலிக்கும்வரை தேவையைக் காத்திருக்கச் சொல்லக் கூடாது.

1880-இல் மிலான் நகரில் கூடிய காதுகேளாதோர் கல்வி மாநாடு சைகையை வகுப்பறையிலிருந்து விலக்கத் தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தை 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு நிராகரித்து வருத்தம் தெரிவிக்க 130 ஆண்டுகள் ஆயின. நடுவில் போன தலைமுறைகளை நினைத்துப் பாருங்கள். நிபுணர்கள் ஒருமித்துச் சொன்னாலும் அது தவறாக இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோவும் அவருடைய சகாக்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே பொருந்தும்: ஆறு மாதத்துக்குள் குறைபாடு கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழி சிறந்திருந்தது, அவர்கள் பேச்சை மட்டும் பயன்படுத்தினார்களா, சைகையையும் பயன்படுத்தினார்களா என்பதைப் பொறுத்து அந்தப் பலன் மாறவில்லை.

என் குழந்தைப் பருவத்திலிருந்து எனக்கு நன்றாக நினைவிருப்பது ஒரு காட்சி. மருத்துவ அறையில் நான் நடுவில் உட்கார்ந்திருப்பேன். என் தலைக்கு மேலே அம்மாவின் வாயும் என்னைப் பார்த்த நிபுணர் அம்மையாரின் வாயும் மாறி மாறி அசையும். இருவரும் மிக நன்றாக ஒத்துழைத்தார்கள். நான் அந்தக் கூட்டணியில் இல்லை. உங்கள் மகளுக்கு இருபது மாதம்தான். ஆனாலும் கருவியைப் பிடுங்குவது அவள் சொல்லும் கருத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதில் எந்த நிற அச்சு வேண்டும் என்று அவளிடம் கேளுங்கள். நான்கு வயதில் பேட்டரி தீர்ந்ததை அவளே சொல்லட்டும். பத்து வயதில் அந்தச் சந்திப்புகளில் முதல் கேள்வியை அவள் கேட்க வேண்டும்.

வளர்ந்த காதுகேளாதவர் ஒருவரையாவது நீங்கள் குடும்பமாகச் சந்தியுங்கள். ஆடியோகிராம் (கேட்புத்திறன் வரைபடம்) காட்டாத ஒன்றை, அதாவது இந்தக் குழந்தை இருபது ஆண்டு கழித்து எப்படி இருப்பாள் என்பதை, அங்கேதான் பார்க்க முடியும்.


மறுமொழி – பேச்சுப் பயிற்சியாளர்

கைமொழி அவர்களுக்கு: நிபந்தனையை நான் எளிதாகச் சொல்லிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சைகை கற்றால் பேச்சு வராது என்று இளம்பருவத்தில் எனக்கும் கற்பித்தார்கள். அதை இன்று நான் பெற்றோரிடம் சொல்வதில்லை. ஆயினும் கேட்பு வழியில் எவ்வளவு அழுத்தம் தருவது என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் வாதம் நடக்கிறது, எனக்கும் உங்களுக்கும் இடையில் நடப்பதைப் போலவே. பாதிச் சைகை, பாதிப் பேச்சு என்று இரண்டும் அரைகுறையாக இருப்பதுதான் என் கவலை. சைகை என்றால் அந்தத் தாயும், பகலில் உடனிருக்கும் பாட்டியும் அதை முறையாகக் கற்கவேண்டும். அதற்கு யார் நேரம் தருவார்கள், யார் கற்பிப்பார்கள் என்பதும் அந்தக் கூட்டுப் பேச்சில் வரவேண்டும். ஆறு மாதத்தில் எதை எதிர்பார்க்கிறோம், அது நடக்காவிட்டால் எதை மாற்றுவோம் என்பதை அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள்.


பதில் 4 – பேரனோடு இருப்பவர்

எல்லோரும் தாயையும் நிபுணரையும் பற்றியே எழுதுகிறீர்கள். பகல் முழுவதும் குழந்தையோடு இருப்பது மாமியார் என்று அந்த அம்மா எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் நான் இருக்கிறேன். ஒன்றரை ஆண்டாக என்னை யாரும் எந்தச் சந்திப்புக்கும் அழைத்துப் போகவில்லை. கருவியை எப்படி மாட்டுவது என்று மருமகள் ஒரு முறை அவசரமாகக் காட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அச்சைத் தலைகீழாகத் திணித்து, பேரன் அழ, நான் கழற்றிவைத்த நாட்கள் உண்டு. பிறகு ஒரு நாள் என்னையே அழைத்துப் போனார்கள். அங்கிருந்த நிபுணர் என் கையைப் பிடித்து, காதுத் துளைக்குள் போகும் பகுதியை முதலில் நுழைத்துப் பின்னால் திருப்ப வேண்டும் என்று ஐந்து முறை செய்யவைத்தார். பேட்டரிக் கதவுக்குப் பூட்டு எதற்கு என்பதையும், குழந்தை பேட்டரியை விழுங்கினால் ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடவேண்டும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். உங்கள் மாமியாரை அழைத்துப் போங்கள், அம்மா. அவர் கேட்கும் கேள்வியை அவரே அங்கே கேட்கட்டும்.


மறுமொழி – மழலைத்தாய்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். உங்கள் அனைவருக்கும் நன்றி.

நோட்டுப் புத்தகம் எழுதத் தொடங்கிய பத்தாம் நாளில், அவள் கழற்றுவதில் பாதிக்கு மேல் சமையலறையில் பாத்திரம் உருளும்போதும், வண்டியில் போகும்போதும் நடப்பது தெரிந்தது. அத்தையையும் அழைத்துக்கொண்டு ஆடியாலஜிஸ்டிடம் போனேன். உட்கார்ந்தவுடனே, பத்து மணி நேரம் என்று சொன்னது உண்மை அன்று என்றேன். குரல் நடுங்கியது. அவர், "தெரியும் அம்மா, நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்" என்றார். எனக்கு இதில் ஒரு சிறு வருத்தம் உண்டு: காத்திருந்ததற்குப் பதில் அவரே கேட்டிருக்கலாம். அதையும் அவரிடம் சொன்னேன். சிரித்தார், ஆனால் குறித்துக்கொண்டார்.

உச்ச ஒலி அளவைக் குறைத்தார்கள். இடது காதின் அச்சு தளர்ந்திருந்ததால் புதிய அச்சுக்கு அளவெடுத்தார்கள். வண்டியில் போகும்போது காற்றிரைச்சலைத் தணிக்கும் அமைப்பை இயக்கினார்கள். அத்தை ஆறு ஒலிகளையும் தாமே சொல்லிப் பார்த்தார்; கருவி இல்லாமல் நான்குக்கு அவள் அசையவே இல்லை. திரும்பி வரும் வழியில் அத்தை எதுவும் பேசவில்லை. மறுநாள் காலை நான் எழுவதற்குள் கருவி மாட்டியாகியிருந்தது. இப்போது சராசரி 7 மணி நேரத்தைத் தாண்டியிருக்கிறது. பிற்பகலில் இன்னும் போராட்டம்தான்.

சைகை விஷயம் முடியவில்லை. பயிற்சியாளரும் ஆசிரியையும் ஒரு முறை தொலைபேசியில் பேசினார்கள். நானும் இணைப்பில் இருந்தேன். இருவரும் மிக மரியாதையாக முரண்பட்டார்கள். முடிவில், அடுத்த மூன்று மாதத்துக்கு நாங்கள் குடும்பமாகச் சைகை வகுப்புக்குப் போவது, கருவி காதில் இருக்கும் நேரத்தில் பேச்சுக்கு முதலிடம் தருவது, அதன்பிறகு அவளுடைய சொற்களையும் சைகைகளையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பது என்று நான்தான் சொன்னேன். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அது சரியான முடிவா என்று மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். வகுப்பு நடத்துபவர் காதுகேளாதவர். முதல் நாளில் என் மகள் அவருடைய கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இன்று காலை ம், ஊ, ஆ, ஈ, ஷ் ஐந்துக்கும் திரும்பினாள். ஸ் ஒலிக்கு மூன்று நாளாகத் திரும்பவில்லை. பேட்டரியை மாற்றிப் பார்த்தாயிற்று, குழாயில் ஈரம் இல்லை, சளியும் இல்லை. நோட்டில் எழுதியிருக்கிறேன், ஆடியாலஜிஸ்டுக்கும் இப்போதே செய்தி அனுப்பிவிட்டேன்.